இரண்டாவது மீட்டர்

முதலில் மீட்டரைப் பாருங்கள். வீட்டைப் பிறகு பார்க்கலாம். வாடகைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்கிறார்கள், பிறகு பாத்ரூமை எட்டிப் பார்க்கிறார்கள். மீட்டரைப் பற்றிக் கடைசியில் கேட்கிறார்கள், சில பேர் கேட்பதே இல்லை. இதோ, இடதுபக்கம் இருப்பது கீழ்வீட்டுக்கு. வலதுபக்கம் மேல்வீட்டுக்கு. தனித்தனி இணைப்பு. யூனிட்டுக்கு இவ்வளவு என்று நான் உங்களிடம் தனியாக வாங்கப் போவதில்லை. உங்களுக்கு வருகிற பில்லை நீங்கள் கட்டப் போகிறீர்கள். நூறு யூனிட் இலவசம் எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. இந்த வடவள்ளியில் வேறு எந்த வீட்டுக்காரராவது இப்படிச் சொல்வாரா, விசாரித்துப் பாருங்கள்.

உட்காருங்கள். மேலே ஆள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சாப்பிடுகிற நேரத்தில் போய் நிற்க வேண்டாம். ஃபேன் போடட்டுமா? வேப்பமரக் காற்று வருகிறது, வேண்டாமல்லவா. ரேஷன் கார்டு உங்கள் பெயரில் தனியாகத்தானே இருக்கிறது? நல்லது. கார் வைத்திருக்கிறீர்களா? பெட்ரோலா. அதுவும் நல்லது.

கரண்ட் கார் வைத்திருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, தெரியுமா. போர்ட்டிகோவில் அதற்கென்றே ப்ளக் இருக்கிறது. மேல்வீட்டு மீட்டரில்தான் ஓடும். நானேதான் போட்டு வைத்தேன். வெளியே கேட் ஓரம் வெள்ளையாக ஒரு கார் நிற்கிறதே, உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். அது என் மருமகளுடையது. அதற்காகப் போட்டது. இப்போது அவள் அதில் மாட்டுவதில்லை. வரும் வழியில் எங்கேயோ சார்ஜ் ஸ்டேஷனில் நின்று, வீட்டில் ஆவதைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்து ஏற்றிக்கொண்டு வருகிறாள். இங்கே நூறு யூனிட் இலவசமாகக் கிடக்கிறது. ப்ளக் பத்தடி தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் காரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துகிறாள்.

நான் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். பீளமேட்டில் பெரிய மில், இப்போது இல்லை, அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அங்கே ஒரு நட்டு வேண்டும் என்றாலும் சூப்பர்வைசர் கையெழுத்தோடு சீட்டு வர வேண்டும். சீட்டு இல்லாமல் முதலாளியின் மச்சினனே வந்து கேட்டாலும் கொடுத்ததில்லை. கஞ்சன் என்பார்கள். கஞ்சத்தனம் வேறு, இது வேறு. நான் ரிட்டயர் ஆகிற அன்று முதலாளி மேடையில் சொன்னார், இவர் இருந்த வரைக்கும் ஸ்டோர்ஸ் கதவுக்குப் பூட்டே தேவைப்படவில்லை என்று. என் மகன் நந்தகோபால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டான்.

அவன் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மருமகள் இந்துமதி அவிநாசி ரோட்டில் ஒரு மருத்துவமனையில் மருந்தகம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறவள். கெட்டிக்காரி. அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். பேத்தி ஆதிரை ஒன்றாம் வகுப்பு. நாங்கள் ஐந்து பேரும் ஒரே வீடாகத்தான் இருந்தோம். கீழே சமையல், மேலே அவர்கள் படுக்கிற இரண்டு அறை. உள்ளேயே படி. காலையில் ஆதிரை அந்தப் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் சறுக்கிக்கொண்டு இறங்குவாள். பாவாடை கிழிந்துவிடும் என்று நான்தான் சத்தம் போடுவேன்.

கார் வாங்கியது போன வருஷம் தை மாதம். யாரிடமும் கேட்கவில்லை. நந்துவிடம் கேட்டிருப்பாள். பெட்ரோலுக்கு ஆகிற செலவில் கால்வாசிகூட ஆகாது, மாமா, வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்றாள். வீட்டிலேயே என்றால் எந்த வீட்டில்? என் வீட்டில். என் மீட்டரில். நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்லது, மாட்டிக்கொள்ளம்மா என்றுதான் சொன்னேன். வேண்டுமென்றால் வசந்தாமணியைக் கேளுங்கள், என் மனைவி, அவளும் அப்போது நின்றுகொண்டிருந்தாள்.

இந்தக் கரண்ட் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட் வரைக்கும் ஒரு கணக்கு. ஐந்நூறுக்கு மேல் ஒரு யூனிட் போய்விட்டால் கணக்கே வேறு. மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ஏறும். இந்த வீடு கட்டிய நாளிலிருந்து நாங்கள் ஐந்நூறைத் தாண்டியதே இல்லை. கல்யாணம் நடந்தபோது, வாசலில் சீரியல் செட் கட்டி, விருந்தாளிகள் வந்து ஒரு வாரம் தங்கியபோதுகூட இல்லை. அது எப்படி முடிந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு ஸ்விட்சும் எங்கே இருக்கிறது என்று ஒருவனுக்குத் தெரிந்திருந்ததால் முடிந்தது.

கார் வந்த பிறகு முதல் பில். போனில் குறுஞ்செய்தி வந்தது. நான் ஈஸ்வரன் கோயிலில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. போனைச் சாப்பாட்டு மேஜை மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி இந்துமதி வந்து, "மாமா, பில் மொத்தமும் நானே கட்டீர்றேனுங்க" என்றாள். மொத்தமும். பாருங்கள், மருமகள் காசில் என் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமாம். நான் காசுக்காகவா சொன்னேன்? காசு என்னிடம் இல்லையா? பென்ஷன் இல்லாவிட்டாலும் வங்கியில் இருக்கிறது. விஷயம் காசில் இல்லை, ஐந்நூறில் இருக்கிறது. தாண்டக் கூடாது என்று ஒன்று இருந்தால் தாண்டக் கூடாது. இதைச் சொன்னேன். அவள் படியேறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் என் பக்கத்தில்தான் குறைத்தேன். அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீருக்கு கீசரை நிறுத்தினேன். கிரைண்டரை நிறுத்தி மாவைக் கடையில் வாங்கச் சொன்னேன். கடைமாவு புளிக்கிறது என்று வசந்தாமணி முனகினாள். ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்தேன். ஒருநாள் ஆதிரைக்கு வைத்திருந்த பால் திரிந்துவிட்டது. அதற்கு ஒரு பேச்சு. இத்தனைக்கும் நடுவில் அந்தக் கார் மட்டும் போர்ட்டிகோவில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்ததும் மீட்டரைப் பார்ப்பேன். முன்பெல்லாம் காலையில் சாமி படத்தைப் பார்ப்பேன்.

அந்த ஸ்விட்ச் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொல்வார்கள். ரீடிங் எடுக்க மறுநாள் வருகிறார்கள். மீட்டரைப் பார்க்கிறேன், ஐந்நூறுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அன்று ஒரு நாள் காரை மாட்டாமல் இருந்தால் போதும். மருமகளிடம் சொல் என்று வசந்தாமணியிடம் சொன்னேன். சொன்னாளோ, மறந்தாளோ. இந்துமதி வழக்கம்போல மாட்டிவிட்டு மேலே போய்விட்டாள். நான் வயரைப் பிடுங்கவில்லை, வண்டியைத் தொடக்கூட இல்லை. ஸ்விட்சைத்தான் அணைத்தேன். என் வீட்டு ஸ்விட்ச். காலையில் அவள் ஆதிரையை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முன்னால் திரையில் எழுத்திலேயே தெரியும் என்கிறார்கள். படித்தவள், பார்த்திருக்க வேண்டாமா? வண்டி அவிநாசி ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. சித்திரை வெயில். நந்து போய், கட்டி இழுக்கிற வண்டி கூப்பிட்டு, அது வருகிறவரைக்கும் குழந்தை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். சாயந்திரம் காய்ச்சல். குழந்தை என்றால் காய்ச்சல் வரும். நந்துவுக்கு அந்த வயதில் மாதம் ஒருமுறை வரும்.

அன்றைக்கே ரீடிங்கும் எடுத்தார்கள். ஐந்நூறுக்குள்தான். நந்துவிடம் போனைக் காட்டினேன். அவன் வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அவர்கள் கேட்கவில்லை, நானேதான் யோசித்தேன். எதற்கு எல்லோரும் ஒரு மீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும்? மேலே ஒரு இணைப்பு வாங்கிவிட்டால் அங்கே தனியாக ஒரு ஐந்நூறு. இலவச நூறும் தனியாக. அவள் எவ்வளவு வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும், யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டாம். வயரிங் வேலை செய்கிற செல்லதுரையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். ஒரே குடும்பத்துக்கு இரண்டு இணைப்பு கொடுக்க மாட்டார்கள், தனிக் குடும்பமாக இருக்க வேண்டும், தனி வாசல், தனிச் சமையல்கட்டு, தனி ரேஷன் கார்டு, ஆள் வந்து பார்ப்பார்கள், மேலும் கீழும் உள்ளுக்குள் வழி இருக்கக் கூடாது என்றான். இருந்தால்? இருந்தால் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள் என்றான்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. வெளியே இரும்புப் படி போட்டேன். மேலே பின்னறையைச் சமையல்கட்டு ஆக்கினேன். கறுப்புக் கிரானைட், சிங்க், புகை போக்கி எல்லாம். போய்ப் பாருங்கள், கீழே எங்கள் சமையல்கட்டைவிட நன்றாக இருக்கும். உள்படி முடிகிற இடத்தில் கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தேன். இதோ, அந்தப் படிதான். இப்போது ஏறினால் சுவரில் போய் முட்டும். பழைய பேப்பர், தேங்காய் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டில் அவர்கள் மூன்று பேர் பெயரையும் நீக்கி அவர்களுக்குத் தனியாக எழுதிக்கொடுத்ததும் நான்தான். தாலுகா ஆபீசில் கார்டு வேலை பார்க்கிற பெண் கேட்டது, ஏனுங்கய்யா, பையன் சண்டை போட்டுட்டுப் போறாருங்களா என்று. அப்படியெல்லாம் இல்லம்மா என்று சிரித்தேன். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், இது இ.பி.க்காக மட்டும்தான் என்று. எல்லோருக்கும் தெரியும்.

வசந்தாமணிதான் குழப்பினாள். புது அடுப்பில் பால் காய்ச்சாமல் எப்படி நெருப்பு வைப்பது என்றாள். சரி, காய்ச்சு என்றேன். வளர்பிறையில் நாள் பார்த்தாள். அதோடு நின்றிருக்கலாம். ஆனைமலைக்குப் போன் பண்ணிச் சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டாள், மேலே சமையல்கட்டு கட்டியிருக்கிறோம், புதன்கிழமை பால் காய்ச்சுகிறோம் என்று. அவர்கள் என்ன நினைப்பார்கள்? பெண்ணுக்குத் தனி அடுப்பு, பால் காய்ச்சுகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், தனிக்குடித்தனம். பெண் வீட்டில் பாத்திரம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவர்களுக்குக் கேவலம்.

புதன்கிழமை காலையில் வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. வண்டி நிறைய. குண்டா, அண்டா, இட்லிப் பானை, அரிசி மூட்டை, குடம், தோப்பிலிருந்து தேங்காய். முதலில் உப்பும் மஞ்சளும் தட்டில் வைத்துச் சம்பந்தியம்மா கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். கண் சிவந்திருந்தது. சம்பந்தி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் நான் என்ன சொல்ல முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் இரண்டு இணைப்பு இருந்ததை யாரோ மனுப் போட்டு ஒன்றாக்கிவிட்டார்கள். யார் போட்டார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்கு என் மேல் சந்தேகம். இ.பி.க்காகத்தான் இதெல்லாம் என்று வாசலில் நின்று நான் சொன்னால் அடுத்த பஸ்ஸில் அவர் மனுவோடு போய்விடுவார். அதனால் பேசாமல் எல்லோரையும் மேலே கூட்டிக்கொண்டு போனேன்.

மேலே ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. அங்கிருந்து பேசினாலும் அவருக்குக் கேட்கும். இந்துமதி அடுப்பில் பால் வைத்திருந்தாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள், வசந்தாமணி கட்டச் சொல்லியிருப்பாள். சம்பந்தி உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டாளுங்களா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க? ஒரே பையன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "இனிமே அவங்க குடும்பத்தை அவங்களே பாத்துக்கட்டும். நாங்க ரெண்டு பேரு, எங்களுக்கு எங்க அடுப்புப் போதும்."

நன்றாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வாய் கொப்பளிக்கிற சத்தம் நின்றுவிட்டது. கேட்டிருக்கிறார். அப்போது பால் பொங்கி வழிந்தது. பொங்கட்டும், பொங்கட்டும் என்று வசந்தாமணி சொன்னாள், வழக்கம்போலச் சொல்ல வேண்டியது. இந்துமதி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். அழவில்லை, ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரியும் இது எதற்காக என்று. மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர்கள் மேலேயே சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டார்கள். பிறகு போனில் சொல்கிற விஷயமா இது.

அடுத்தது ஆய்வு. புது அடுப்பு பளபளவென்று இருந்தால் வந்தவருக்குத் தெரிந்துவிடாதா? நானே ஒரு வாணலியைக் காயவைத்துக் கிரானைட் மேல் இறக்கினேன். சுவரில் எண்ணெயும் மஞ்சளும் தெளித்துத் தேய்த்தேன். இந்துமதி அதைப் பார்த்துவிட்டு, அப்படியெல்லாம் வேண்டாம் மாமா, நான் சமைச்சாலே அழுக்காகீரும் என்றாள். நல்ல யோசனை, சமை என்றேன். ஆதிரைக்கும் சொல்லிக்கொடுத்தேன். குழந்தையிடம்தான் முதலில் கேட்பார்கள். யாராவது கேட்டால் என்ன சொல்வே? கீழ தாத்தா வீடு. மேல எங்க வீடு. எங்க சாப்பிடுவே? எங்க வீட்லதான். கிளிப்பிள்ளை மாதிரி. இரண்டு நாள் சொல்லச் சொல்லித் தப்பில்லாமல் வந்துவிட்டது. வந்தவர் நல்ல மனிதர், இளைஞர். அடுப்பைப் பார்த்தார், அடைத்த சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு நான் நினைத்த மாதிரியே குனிந்து அவளிடம் கேட்டார். அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பெரிய சாக்லேட் வாங்கிக்கொடுத்தேன்.

மீட்டர் வந்தது. அன்று சாயந்திரம் வசந்தாமணி படியடியில் நின்று, பழக்கதோஷத்தில், சாப்பிட வாங்க என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள். சுவர் அடைத்திருக்கிறதே, கேட்கவில்லை. வெளியே போய்க் கூப்பிட்டாள். மேலிருந்து இந்துமதி சொன்னாள், "மேலயே ஆக்கீட்டனுங்க அத்தை." வசந்தாமணி உள்ளே வந்து, அதுதான் மீட்டர் வந்துருச்சே, நாளையிலிருந்து கீழேயே வரச் சொல்லுங்க என்றாள். நான்தான் தடுத்தேன். அவசரப்படாதே, சில சமயம் திடீரென்று மறுபடியும் வந்து பார்ப்பார்கள், ஒரு மாதம் போகட்டும் என்றேன். நியாயம்தானே? ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. யாரும் வந்து பார்க்கவில்லை. அவர்களும் கீழே வரவில்லை. நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? போகச் சொன்னது ஒரு காரணத்துக்காக. காரணம் முடிந்தால் வர வேண்டியதுதானே.

முதல் பில்லைப் பார்த்தீர்களென்றால், கீழே எங்களுக்கு ஒன்றும் கட்ட வேண்டியதே இல்லை. சுழியம். நூறுக்குள் முடிந்துவிட்டது. இரண்டு பேருக்கு என்ன ஆகும்? மேலே காரோடு சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் யூனிட். இரண்டையும் கூட்டினால்கூட முன்பு கட்டியதில் பாதி இல்லை. நான் சொன்னது நடந்தது. இதை எல்லோரும் உட்கார்ந்து ஒருநாள் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

வெயில் காலம் வந்தது. மேலே ஏ.சி. போட ஆரம்பித்தார்கள். பகலிலும் போட்டார்கள். காலையில் என் மீட்டரைப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கிற அதையும் பார்ப்பேன், கண் இருக்கிறதே, எப்படிப் பார்க்காமல் இருப்பது? வேகமாக ஓடியது. இப்படிப் போனால் உங்களுடையதும் ஐந்நூறைத் தாண்டிவிடும் என்று வாசலில் வைத்துத்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். இந்துமதி கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"மாமா, இது எங்க மீட்டருங்க."

யாருடைய மீட்டர்? யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது? யார் ஆபீஸ் ஆபீஸாக ஏறி வாங்கியது? நந்துவிடம் கேட்டேன், உன் மனைவி சொன்னதைக் கேட்டாயா என்று. "கார்டுலயே நாங்க வேற குடும்பந்தானுங்கப்பா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டிருப்பேன். சாதாரணமாக, மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான்.

ஆனி முடிவதற்குள் போய்விட்டார்கள். சரவணம்பட்டியில் அபார்ட்மெண்ட். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்றார்கள். பள்ளிக்கூடத்தையும் மாற்றினார்கள், அதைச் சொல்லவில்லை. அந்த அபார்ட்மெண்டில் காரை எங்கே மாட்டுகிறார்கள் தெரியுமா? பொது பார்க்கிங்கில், சங்கத்து மீட்டரில். பொதுமீட்டருக்கு இலவசம் கிடையாது, விலையும் அதிகம். வாடகை வேறு. வீடு வைத்துக்கொண்டு வாடகை. நான் கணக்குப் போட்டு நந்துவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது.

இனி வசந்தாமணி. அவள் சண்டை போடவில்லை. நாற்பது வருஷத்தில் அவள் சண்டை போட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால், காய்கறிப் பையோடு வெளிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். எங்கே என்றேன். மேல அடுப்பு மூட்டணும் என்றாள். எதற்கு? "பால் காச்சினது நானு. காச்சுன அடுப்பைச் சும்மா போடக் கூடாது." அன்று மத்தியானம் கார் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. மூன்று பேரும் நேராக மேலே போனார்கள். அவள்தான் வரச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். தாளிக்கிற வாசம் கீழே வரும். ஆதிரை ஓடுகிற சத்தம் இந்த ஹாலுக்கு மேலேதான் கேட்கும். அதோ, இப்போது கேட்டீர்களே, நாற்காலி இழுக்கிற சத்தம். அது நந்து. சிறு வயதிலிருந்தே அவனுக்கு நாற்காலியைத் தூக்கிப் போடத் தெரியாது.

எனக்குச் சாப்பாடு வரும். வராமல் இல்லை. ஆதிரை டிபன் கேரியரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவாள். கதவு திறந்துதான் இருக்கும், நான் இந்த நாற்காலியில்தான் இருப்பேன், அவளுக்கு என்னைத் தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலிங்பெல் அடிப்பாள். உள்ளே வா கண்ணு என்றால்தான் வருவாள். தாத்தா, உங்க வீட்டுக்குச் சாப்பாடு என்பாள். வைத்துவிட்டு, போய்ட்டு வர்றனுங்க என்று சொல்லிவிட்டுப் போவாள். யார் சொல்லிக்கொடுத்த மரியாதை இது? நல்ல மரியாதைதான். இன்றைக்கும் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் திறக்கவில்லை.

போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். செல்லதுரைகூடக் கேட்டான். நான் கட்டிய வீட்டில் ஒருவர் கூப்பிட்டு நான் போக வேண்டுமா? சரி, கூப்பிடட்டும், போகிறேன். யாரும் கூப்பிடவில்லை. அவர்களைக் கேட்டால், அவர் வீடு, அவர் வரட்டும் என்பார்கள். இப்படியே எத்தனை ஞாயிற்றுக்கிழமை போகும்?

அதனால்தான் வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தேன். ஆள் இல்லாத வீட்டில் இணைப்பு சும்மா கிடக்கக் கூடாது, யாராவது மனுப் போட்டால் போச்சு. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், மனைவி, ஒரு குழந்தை. பேங்கு வேலை. நீங்கள்தான் எனக்குச் சரியாகப் படுகிறீர்கள். அட்வான்ஸ் நீங்கள் சொல்வதுதான். நாளைக்கே வந்தாலும் சரி.

இல்லை, வசந்தாமணிக்குத் தெரியாது. நந்துவுக்கும் தெரியாது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் பார்த்திருப்பார்கள், அதனால்தான் புரோக்கரிடம் சொன்னேன்.

நீங்கள் இப்போதே போய்ப் பாருங்கள். சாப்பிட்டு முடித்திருப்பார்கள். வெளிப்படியில் ஏறுங்கள், கதவு திறந்துதான் இருக்கும். வாடகைக்கு வீடு பார்க்க வந்திருக்கிறேன், கீழே இருக்கிறவர் அனுப்பினார் என்று சொல்லுங்கள். சமையல்கட்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காட்டுவார்கள், மரியாதை தெரிந்தவர்கள்தான். நான் எதற்கு வர வேண்டும்? நான் வந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். நீங்கள் தனியாகப் போங்கள்.

சங்கடப்படாதீர்கள். உங்கள் மேல் யாரும் கோபிக்க மாட்டார்கள். என் மேல்தான் கோபிப்பார்கள். கோபித்தால் கேட்க வேண்டுமல்லவா? நந்து இறங்கி வருவான். அப்பா, என்ன இது என்று கேட்பான். அவன் இல்லாவிட்டால் இந்துமதி வருவாள், அவளுக்குத்தான் நேராகக் கேட்கத் தைரியம் உண்டு. யார் வந்தாலும் சரி. உட்காரச் சொல்வேன். ஃபேன் போடுவேன்.

ஒன்று மட்டும். பார்த்து முடித்ததும் நீங்கள் உடனே கீழே வந்துவிடாதீர்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதலில் அவர்கள் வரட்டும்.